ப்ளாசிதாவின் இருமலுக்குக் கொடுத்த இலை

செனைதா பயந்த சுபாவம். பிரிபெபுய் ஊர் அதையும் அவள் படிப்போடு சேர்த்து ஒரு தகுதியாகவே வைத்துக்கொண்டது. மருந்துக்கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மாத்திரை அட்டையை நீட்டிய பிறகும் அதன்மேலிருந்து விரலை எடுக்கமாட்டாள். பெயரை இன்னொரு தரம் வாய்க்குள் படித்துவிட்டுத்தான் விடுவாள்.

"பாதிரியார்கிட்டகூட இவ்வளவு ஒப்பிக்க வேண்டியதில்ல. செனைதாகிட்ட ஒரு தலைவலி மாத்திரை வாங்கினா போதும், பண்ணின பாவமெல்லாம் தானா வெளிய வந்துடும்" என்பாள் பக்கத்துக் கடைத் தையல்காரி நிமியா.

பச்சிலைகளைக் கடைக்குள் கொண்டுவந்ததும் அந்தப் பயம்தான். தலைநகரில் அவளோடு மருந்தியல் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சந்தையில் தரையில் குவித்து வைத்திருக்கும் இலையில் எதோடு எது கலந்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? ஜனங்கள் வாங்கத்தான் போகிறார்கள். தன்னிடம் வாங்கினால் நாலு கேள்வியாவது கேட்கலாம். அப்படி நினைத்துத்தான் சுவரோரம் ஓர் அலமாரி அடித்தாள். இலை கொண்டுவரும் பெண்களிடம் ஒவ்வொரு கட்டாக வாங்கி, திருப்பிப் பார்த்து, கசக்கி முகர்ந்து, சந்தேகம் வந்ததை எல்லாம் கொல்லையில் எரித்தாள். எரிக்கும்போதும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்வாள்.

பச்சிலை வாங்க வருகிறவர்களிடம் அவள் கேட்கும் கேள்விகள் ஊருக்கே மனப்பாடம். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கர்ப்பமா? ஈரல், சிறுநீரகம் ஏதாவது கோளாறு? மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் அதே கேள்வி தலைகீழாக வரும்: பச்சிலை ஏதாவது குடிக்கிறீர்களா? இந்தக் கேள்விகளை வேலியாக நட்டு அதற்குள்தான் அவள் இத்தனை வருஷமும் உட்கார்ந்திருந்தாள். அதில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஜனவரி மாதம், அங்கே கோடையின் உச்சம். காலையிலேயே ஓட்டுக்கூரை சுட்டது. கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தார் டொன் எலிஹியோ. ஊரின் மாடு வெட்டுகிறவர். எங்கே கல்யாணம், எங்கே வேண்டுதல் விருந்து என்றாலும் கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவர்தான் போவார். இதயத்தில் பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். கடையில் வேறு சத்தம் இல்லாதபோது அது மார்புக்குள் டிக் டிக்கென்று அடிப்பது கேட்கும். அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரையை அவர் சாகும்வரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரையைத் தொடும்போதெல்லாம் செனைதாவின் விரல்கள் குளிர்ந்துபோகும். கொஞ்சம் குறைந்தால் கட்டி, கொஞ்சம் கூடினால் ஒழுக்கு.

"பஞ்சு குடுங்க டாக்டரம்மா. மூக்குல லேசா ரத்தம்."

"எப்பலேருந்து?"

"இந்த வெயில் எப்ப ஆரம்பிச்சதோ அப்பலேருந்து. சூடுதான். இங்க பாருங்க." சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். "மாடு உதைச்சுது. வெட்டறவன் நான், உதைக்கிறது அது. நியாயம்தான?"

"மாத்திரையை மாத்திப் போட்டுட்டீங்களா?"

"ப்ளாசிதாதான் எடுத்துக் குடுக்கிறா. ராணுவம் மாதிரி."

"பச்சிலை ஏதாச்சும் புதுசா?"

"நானா?" அவர் நெஞ்சைத் தட்டிச் சிரித்தார். "எனக்கு எதுக்கு இலையும் தழையும்? நான் மாடு இல்ல டாக்டரம்மா, மாட்டைத் தின்கிறவன்."

அவள் பஞ்சைக் கொடுத்தாள். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், இன்றைக்கே போங்கள் என்றாள். இன்றைக்கு ஓடைக்கு அப்பால் பாசோ இதா கிராமத்தில் கல்யாண மாடு, நாளைக்குப் போகிறேன் என்று அவர் போய்விட்டார். அந்த டிக் டிக் சத்தம் அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் கடையில் நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

வெயில் ஏறியதும் நிமியா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசல் மாமர நிழலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். தெரெரே நேரம். அந்த நேரத்தில் ஊரில் எந்த வேலையும் நகராது. நிமியா கொம்புக் குவளையில் யெர்பா இலைத் தூளை நிரப்பி, உறிஞ்சுகுழலைச் செருகி, கூஜாவிலிருந்து ஐஸ் தண்ணீரை ஊற்றி முதல் குவளையைத் தான் உறிஞ்சினாள். அடுத்தது செனைதாவுக்கு. கூஜாவில் இலைகள் கசங்கி மிதந்தன.

செனைதா உறிஞ்சினாள். நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு.

"போல்தோவா?"

"ஆமா, அம்மாவுக்கு வயித்து உப்புசம். உன் கடையில வாங்கினதுதான்."

"அம்மா எங்க?"

"அவங்க குடிச்சிட்டுப் போய்ப் படுத்தாச்சு." நிமியா குவளையை வாங்கி மறுபடி நிரப்பினாள். "ஏன், உனக்கு வயிறு உப்புசம் இல்லையா? இல்லன்னா இனிமே வராது, குடி."

செனைதா சிரிக்கப் போனாள். உதடு பாதியில் நின்றது.

உப்புசம் ஒருத்திக்கு. அவள் உள்ளே படுத்திருக்கிறாள். அவள் மருந்தை இங்கே உட்கார்ந்து இவர்கள் இரண்டு பேரும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து இப்படித்தான். யாருக்காவது இருமல் என்றால் வீடே இருமல் மருந்து குடிக்கும். யாருக்காவது நீர்க்கடுப்பு என்றால் வழியில் போகிற தபால்காரர்வரை அந்த இலைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார். அதை யாரும் மருந்து குடித்ததாகச் சொல்லமாட்டார்கள். தெரெரே குடித்தோம் என்பார்கள்.

போன வாரம் எலிஹியோவின் மனைவி ப்ளாசிதா இருமலோடு வந்திருந்தாள். செனைதா எல்லாக் கேள்வியும் கேட்டாள். வேறு மாத்திரை? இல்லை. ஈரல்? கல்லு மாதிரி இருக்கு டாக்டரம்மா. நல்ல குவாக்கோ இலையாகப் பொறுக்கிப் பை நிறையக் கட்டிக்கொடுத்தாள். கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னாள். "இந்த வெயில்ல யாரு கொதிக்கவைப்பா?" என்று ப்ளாசிதா கேட்டதற்கு, "சரி, தெரெரேலயே போட்டுக்கோங்க" என்று சொன்னவளும் அவள்தான்.

குவாக்கோ ரத்தத்தை இன்னும் நீர்த்துப்போக வைக்கக்கூடியது. அந்த மாத்திரையோடு சேரவே கூடாது. இது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் புருஷனை மாத்திரை அலமாரியிலும் பெண்டாட்டியை இலை அலமாரியிலும் வைத்து மனசுக்குள் பூட்டியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே கூஜாவில் குடிப்பவர்கள் என்பது இந்தக் கசப்பு நாக்கில் படும்வரை அவளுக்கு உறைக்கவில்லை.

எலிஹியோவின் போனுக்கு அடித்தாள். எடுத்தது ப்ளாசிதா.

"அவரு போனை வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டாரு டாக்டரம்மா. ரத்தக் கையோட தொடக்கூடாதுன்னு."

"இருமல் எப்படி இருக்கு, ப்ளாசிதாம்மா?"

"அது போயே போச்சு! கை ராசி உங்களுக்கு. ஆனா அவருக்குத்தான் அந்த இலை பிடிச்சுப்போச்சு. வெண்ணிலா மாதிரி வாசனையாம். இருமல் நின்ன பிறகும் ரெண்டு பிடியா இடிச்சுப் போடச் சொல்றாரு. இன்னிக்குக்கூடப் பெரிய கூஜா நிறையப் போட்டுக் குடுத்தனுப்பினேன்."

செனைதா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"ஏன் டாக்டரம்மா கேக்கறீங்க?"

சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது. "ஒண்ணுமில்ல. சும்மாதான்."

போனை வைத்தாள். மூக்கில் ரத்தம். கையில் கன்றல். இன்றைக்கு அவர் கையில் கத்தி. உலகத்தில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வேறு யாருக்கும் தெரியாது என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. அந்த நினைவு வந்ததற்காகவே அவள் இன்னும் பயந்தாள். சும்மா இருந்துவிட்டால்? ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆனாலும் வெயில் என்பார்கள், மாடு என்பார்கள், பழைய இதயம் என்பார்கள். செனைதாவின் இலை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"என்னடி, பேய் பார்த்தவ மாதிரி நிக்கிற?" என்றாள் நிமியா.

"உன் பைக்ல என்னைப் பாசோ இதாவுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

நிமியாவின் கையில் குவளை அப்படியே நின்றது. செனைதா பைக்கில் ஏறமாட்டாள் என்பது ஊரறிந்த விஷயம். கடையைத் திறந்துபோட்டுவிட்டுக் கிளம்பினாள் என்பதை நிமியா பிற்பாடு நாலு பேரிடம் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது.

செம்மண் பாதை வெயிலில் வெடித்துக்கிடந்தது. பைக் ஒவ்வொரு பள்ளத்திலும் எகிறியது. செனைதா கண்ணை மூடிக்கொண்டு நிமியாவின் இடுப்பைப் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் பிடி தாயே, விலா எலும்பு போயிடும். கல்யாணத்துக்கு அவ்வளவு அவசரமா?"

"நிமியா, அவரு செத்துடுவாரு."

நிமியா ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் காலில் அடித்தது. செனைதா கண்ணைத் திறந்தபோது ஓடைத் தண்ணீர் செம்மண் கலங்கிச் சிவப்பாக ஓடியது. மறுபடி மூடிக்கொண்டாள்.

கல்யாண வீட்டு முற்றத்தில் மாடு ஏற்கெனவே கிளையில் தொங்கியது, பாதி உரித்தபடி. அடுத்த மரத்தடியில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் எலிஹியோ. இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். துண்டு எந்த நிறத்தில் இருந்தது என்று இனிமேல் சொல்ல முடியாது. முழங்கை நுனியில் துளி சேர்ந்து சேர்ந்து மண்ணில் விழுந்தது. கோழி ஒன்று அதைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அட, டாக்டரம்மா! கறி வாசனை அங்கவரைக்கும் வந்துடுச்சா?" முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் பழைய குரல். "சின்னக் கீறல். காபித் தூள் வச்சுக் கட்டியாச்சு. நிக்கத்தான் மாட்டேங்குது, பிடிவாதம் பிடிச்ச ரத்தம்."

கல்யாணப் பெண்ணின் அப்பா, அந்த வீட்டுக்காரர், குவளையை நிரப்பி எலிஹியோவிடம் நீட்டினார். ரத்தம் போயிருக்கிறது, குடி, தெம்பு வரும் என்றார். கூஜா ப்ளாசிதா கொடுத்தனுப்பியது. இந்த வீட்டில் மறுபடி நிரப்பிய தண்ணீரில் இலை மிதந்தது.

செனைதா அந்தக் குவளையைப் பிடுங்கினாள். பிறகு கூஜாவைத் தூக்கிக் கவிழ்த்தாள். ஐஸ் கட்டிகள் மண்ணில் உருண்டன.

அந்த ஊரில் ஒருவர் கை உனக்கென்று நிரப்பிக் கொடுத்ததைக் கீழே கொட்டினால் அது அந்த வீட்டின் முகத்தில் துப்பியதற்குச் சமம். வீட்டுக்காரர் மெதுவாக எழுந்தார்.

"என்னம்மா இது? என் வீட்டுத் தண்ணியில விஷமா இருக்கு?"

"விஷம் இல்ல." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "உங்களுக்கு விஷம் இல்ல. இவருக்கு மட்டும். இலை நான் குடுத்தது. தப்பு என்னோடது. வண்டி எங்க இருக்கு? உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

எலிஹியோ கவிழ்ந்த கூஜாவைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். அப்போதுதான் அவர் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது.

கறி ஏற்ற வந்த வண்டியின் பின்பக்கத்தில் அவரைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். செனைதா அவர் கையைத் தலைக்குமேல் தூக்கி, காயத்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் வெதுவெதுப்பு கசிந்துகொண்டே இருந்தது. நிமியா பைக்கில் பின்னால் வந்தாள். வண்டிச் சத்தத்தையும் மீறி அவர் மார்பிலிருந்து அந்த டிக் டிக் வருகிறதா என்று செனைதா குனிந்து காதுகொடுத்துக்கொண்டே இருந்தாள். பள்ளம் வரும்போது அது கேட்காது. அந்த நேரமெல்லாம் அவளும் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

"டாக்டரம்மா."

"பேசாதீங்க."

"செத்துடுவேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். "எனக்குப் பயமா இருக்கு, டொன் எலிஹியோ."

அவர் கண்ணை மூடியபடி சிரித்தார். "உங்களுக்கு எப்பத்தான் பயமில்ல? சிரிச்சுக்கிட்டே பொய் சொல்லியிருந்தீங்கன்னா நான் பயந்திருப்பேன்."

ஆஸ்பத்திரியில் அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மாத்திரையின் பெயர், அளவு, இலை, எத்தனை பிடி, எந்தக் கூஜா. டாக்டர் இளைஞர். குறுக்கிடாமல் கேட்டுவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் காகிதத்தை அவளிடம் காட்டினார். ரத்தம் அளவுக்குமேல் நீர்த்துப்போயிருந்தது. உறையவைக்கும் ஊசியை அள்ளிப் போட முடியாது, ரொம்பவும் உறைந்தால் வால்வு அடைத்துவிடும். அதனால் துளித் துளியாகப் போட்டார்கள். அடைப்புக்கும் ஒழுக்குக்கும் நடுவில் இருந்த அந்த ஒடுக்கமான இடத்தில் அவர் அன்று பொழுது சாயும்வரை படுத்திருந்தார். சாயங்காலம் கட்டைப் பிரித்தபோது துணி வெள்ளையாகவே இருந்தது.

நடைவழி பெஞ்சில் ப்ளாசிதா உட்கார்ந்திருந்தாள். செனைதா பக்கத்தில் போய் நின்றாள். உட்காரத் தைரியம் வரவில்லை.

"நான் போன்ல கேட்டேன்" என்றாள் ப்ளாசிதா. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏன் கேக்கறீங்கன்னு. ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

"வேற மாத்திரை சாப்பிடறியான்னு கேட்டீங்க. நான் சாப்பிடல. நான் பொய் சொல்லலயே?"

"நீங்க பொய் சொல்லல."

எலிஹியோவும் பொய் சொல்லவில்லை. செனைதாவின் கேள்வியிலும் பொய் இல்லை. மூன்று பேரும் உண்மையே பேசி ஒரு மனுஷனை இதுவரை கொண்டுவந்துவிட்டோம் என்று செனைதா நினைத்தாள்.

"என் கையால இடிச்சேன்" என்றாள் ப்ளாசிதா. "ஆசையா குடிக்கிறாரேன்னு ரெண்டு பிடி." பிறகு ரொம்ப நாள் அவள் செனைதாவின் கடைப்பக்கமே வரவில்லை. இலையைச் சந்தைத் தரைக் குவியலில் வாங்கினாள் என்று நிமியா வந்து சொன்னாள். அன்று செனைதா சாப்பிடவில்லை.

எலிஹியோ வந்தார். கட்டைவிரல் முழுசாக மடங்குவதில்லை. ஆனால் கத்தி பிடிக்கிறார். இப்போது தோளில் தனியாக ஒரு சின்னக் கூஜா, வெறும் தண்ணீர் மட்டும்.

"வட்டத்துல உக்காந்துகிட்டு தனியாக் குடிக்கிறேன். தொழுநோயாளி மாதிரி. பயலுக கேலி பண்றானுங்க."

"மருந்துக் கூஜாவைத் தனியா வைக்கச் சொல்லுங்க. வெறும் தண்ணி எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்."

"நோயாளியைத் தனியாக் குடிக்க வைக்கிறதா? அவன் ஏற்கெனவே செத்தவன்னு நினைச்சுக்குவானே டாக்டரம்மா." மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். வாசலைத் தாண்டும்வரை அந்தச் சத்தம் கேட்டது. அவள் எண்ணவில்லை, கேட்டாள்.

இலை அலமாரியின்மேல் சில வாரம் துணி போர்த்தியிருந்தாள். ஊர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது. பிறகு ஒருநாள் எடுத்துவிட்டாள், துணியைப் பார்க்கிறபோதெல்லாம் சந்தைக் குவியல் நினைவுக்கு வந்ததால். துணியை எடுத்த அன்றைக்கே பள்ளிக்கூடச் சமையல்காரி வந்தாள். நீர்க்கடுப்புக்கு இலை வேண்டும் என்றாள். பழைய கேள்விகள் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை.

செனைதா பொட்டலத்தைக் கட்டினாள். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"உங்க கூஜாவுல யாரு யாரு வாய் வைப்பாங்க?"

"என்ன கேள்வி இது? வீடுதான். புருஷன், நாத்தனார், எதிர்வீட்டுக்காரங்க..." அவள் விரல் மடக்கிக்கொண்டே போனாள். "அப்புறம் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மூணு பேரும் வந்து உக்காருவாங்க. புதுசா வந்த அந்த டீச்சர் ரெண்டு குவளை கூடுதலாக் குடிப்பா. பாவம், வாந்தி வாந்தியா வருதாம் அவளுக்கு, காலையில."

"அவங்க கர்ப்பமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் போய்க் கேட்க முடியுமா?"

வெளியே நிமியாவின் தையல் மிஷின் நின்றது. நாற்காலிகளை இழுக்கும் சத்தம். பொட்டலம் இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் இருந்தது. செனைதாவின் விரல் அதன்மேல் இருந்தது. அவள் எடுக்கவில்லை.